ஞாயிற்றுக்கிழமை இல்லாதவனின் மராத்தான்

உச்சிப்புளியிலிருந்து ஒரு தம்பி கேட்டிருக்கிறார்: "வயது 36. ராமநாதபுரத்தில் ஒரு தனியார் கம்பெனியில் காலை ஒன்பது முதல் சாயங்காலம் ஆறரை வரை வேலை. மனைவி நர்ஸ், ஷிப்ட் மாறி மாறி வரும். எட்டு வயதிலும் மூன்று வயதிலும் இரண்டு பிள்ளைகள். பத்து கிலோமீட்டர் ஓட்டம் இரண்டு மூன்று ஓடியிருக்கிறேன். வருகிற ஜனவரியில் சென்னையில் முழு மராத்தான் ஓட ஆசை. நெட்டில் எடுத்த அட்டவணை வாரத்துக்கு ஆறு நாள் ஓடச் சொல்கிறது. மூன்று வாரம் ஓடினேன், நாலாவது வாரம் நின்றுபோனது. வேலையும் குடும்பமும் இருக்கிறவனுக்கு இது நடக்கிற காரியமா அண்ணே?"

நடக்கும் தம்பி. இப்போது ஜூன். பத்து கிலோமீட்டர் ஓடிப் பழகிய உடம்பு 42.195 கிலோமீட்டருக்குத் தயாராக ஆறு மாதம் போதும், உங்களிடம் அதற்கு மேலேயே இருக்கிறது. உங்கள் உடம்பில் கோளாறு இல்லை, அட்டவணையில்தான். அதை எழுதியவர் காலையில் பத்து டிகிரி குளிர் அடிக்கிற ஊர்க்காரர். அவர் வீட்டில் மூன்று வயதுப் பிள்ளை நடுராத்திரி எழுந்து தண்ணீர் கேட்டிருக்காது.

என்னைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன், என் பேச்சை எவ்வளவு தூரம் நம்பலாம் என்று தெரிய வேண்டுமே. மண்டபத்தில் ஒரு ஏற்றுமதிக் கம்பெனிக்கு இறாலும் கணவாயும் வாங்கிக் கொடுக்கிற வேலை. வயது 47. உங்கள் வயதில்தான் ஓட ஆரம்பித்தேன், சுகர் எல்லையில் நிற்கிறது என்று டாக்டர் சொன்ன பிறகு. இதுவரை ஏழு முழு மராத்தான். முதலாவது 5 மணி 20 நிமிடம், போன தடவை 4 மணி 18 நிமிடம். வேகமான ஆள் கிடையாது. ஆனால் வேலையையும் விடாமல், வீட்டிலும் விரட்டப்படாமல் ஏழு தடவை ஓடியிருக்கிறேன். அந்த விஷயத்தில் எனக்குக் கொஞ்சம் தெரியும் என்று சொல்லிக்கொள்ளலாம்.

என் வேலையில் ஒரு சிக்கல் உண்டு. பாக் நீரிணைப் பக்கம் விசைப்படகுகள் திங்கள், புதன், சனி என்று வாரத்தில் மூன்று நாள் கடலுக்குப் போகும், மற்ற நாட்கள் நாட்டுப்படகுகளுக்கு. போன விசைப்படகு மறுநாள் விடிய கரைக்கு வரும். ஆக, செவ்வாய், வியாழன், ஞாயிறு மூன்று நாளும் விடிகாலையில் நான் தராசுக்குப் பக்கத்தில் நிற்க வேண்டும். எந்த மராத்தான் அட்டவணையை எடுத்தாலும் ஞாயிற்றுக்கிழமை காலையில் நீண்ட ஓட்டம் என்று போட்டிருக்கும். என் ஞாயிற்றுக்கிழமை இறாலுக்குச் சொந்தம். முதல் வருடம் இதை நினைத்து மருகிக்கொண்டே இருந்தேன். தராசு வேலை முடித்து எட்டு மணி வெயிலில் ஓடிப் பார்த்தேன், சனிக்கிழமை ராத்திரி பதினோரு மணிக்கு ஓடிப் பார்த்தேன். அப்புறம்தான் புத்தி வந்தது. நீண்ட ஓட்டத்தை வெள்ளிக்கிழமைக்குத் தள்ளினேன். காலுக்குக் கிழமை தெரியாது தம்பி.

அது சின்னப் பாடம். பெரிய பாடம் மூன்றாவது மராத்தானுக்குத் தயாரான வருடம் கிடைத்தது. ஐப்பசியில் ஒரு வெள்ளிக்கிழமை. சின்னவளுக்கு முதல் நாள் ராத்திரியிலிருந்து காய்ச்சல். அட்டவணையில் 26 கிலோமீட்டர். நாலரைக்கு எழுந்து, ஷூவைக் கையில் பிடித்துக்கொண்டு, கதவுச் சத்தம் கேட்காமல் வெளியே வந்து ஓடிவிட்டேன். எட்டு மணிக்குத் திரும்பி, குளித்து, சாப்பிட்டு, ஃபேனுக்குக் கீழே படுத்தவன் பதினொன்றரைக்குத்தான் எழுந்தேன். வீட்டுக்காரி ஒரு வார்த்தை பேசவில்லை. மறுநாள் அடுப்படிச் சுவரில் தொங்குகிற மளிகைக்கடைக் காலண்டரைப் பார்த்தேன். பால் கணக்கு எழுதுகிற கட்டத்தில், வெள்ளிக்கிழமைக்கு நேராக, அரை லிட்டருக்குக் கீழே '7 மணி' என்று எழுதி வட்டம் போட்டிருந்தாள். என்னவென்று கேட்டேன்.

"நேத்து நீங்க வீட்ல இல்லாத நேரம்."

"மூணரை மணி நேரந்தானே ஓடுனேன்?"

"அப்புறம் தூங்குனது யாரு?"

பதில் சொல்ல ஒன்றும் இல்லை. அன்றிலிருந்து பால் கணக்கோடு அந்தக் கணக்கும் சேர்ந்தே ஓடுகிறது. நமக்கு நேரம் கிடைக்கவில்லை என்று சொல்கிறோமே, அது பாதி உண்மைதான். ஓடுவதற்கு நேரம் எங்கிருந்தும் புதிதாக முளைப்பதில்லை, வீட்டில் இன்னொருவரிடமிருந்து எடுக்கிறோம். எடுத்ததைத் திருப்பிக் கொடுத்தால் பயிற்சி நிற்காது. நீங்கள் நாலாவது வாரத்தில் நின்றதற்கும் இதுதான் காரணமாக இருக்கும் என்று நினைக்கிறேன். யோசித்துப் பாருங்கள், அந்த வாரம் கால் வலித்து நின்றீர்களா, இல்லை வீட்டில் முகம் வாடியதைப் பார்த்து நின்றீர்களா?

என் வீட்டில் திருப்பிக் கேட்டது பெரிதாக ஒன்றுமில்லை. சனிக்கிழமை மதியம் இரண்டு மணி நேரம் அவள் கதவைச் சாத்திக்கொண்டு தூங்க வேண்டும், யாரும் கூப்பிடக் கூடாது. அதோடு, நீண்ட ஓட்டம் முடித்து வருகிற நாளில் மீன் கழுவுவது என் வேலை. முதல் தடவை சூடை மீனைச் செதில் எடுக்கக் குத்துக்கால் போட்டு உட்கார்ந்தபோது தொடை இழுத்துப் பிடித்து அப்படியே பின்பக்கம் சாய்ந்துவிட்டேன். இப்போது முக்காலி போட்டுக்கொள்கிறேன்.

சரி, உங்கள் கணக்குக்கு வருவோம். முதலில் மனைவியின் டூட்டி சார்ட்டை வாங்கி முன்னால் வைத்துக்கொள்ளுங்கள். உங்கள் அட்டவணை அதற்குள்தான் உட்கார வேண்டும். அவர் காலை டூட்டி என்றால் நீங்கள் ஆறு மணிக்கெல்லாம் வீட்டில் இருந்தாக வேண்டும், ஆகவே ஐந்துக்கு முன்னால் கிளம்பி முக்கால் மணி நேரம் ஓடினால் உண்டு. மதிய டூட்டி வாரம்தான் உங்களுக்குப் பொன்னான வாரம். காலையில் அவர் வீட்டில் இருப்பார், தூரமான ஓட்டங்களை அந்த வாரத்தில் வையுங்கள். நைட் டூட்டி வாரத்தில் காலை ஓட்டமே கிடையாது, தூங்குகிற பிள்ளைகளைத் தனியே விட்டுவிட்டுப் போக முடியாதே. அதில் வருத்தப்பட ஒன்றுமில்லை. எந்த நல்ல பயிற்சியிலும் மூன்று வாரம் ஏற்றி நாலாவது வாரம் இறக்குவார்கள், அந்த இறக்கத்தில்தான் உடம்பு தேறும். நைட் டூட்டி வாரத்தையே இறக்க வாரமாக வைத்துக்கொள்ளுங்கள். அவருடைய வார ஓய்வு நாளில் ஒரே ஒரு மிதமான ஓட்டம், மற்ற நாட்களில் வீட்டுக்குள் கால் பலப் பயிற்சி. அவ்வளவுதான்.

வாரத்துக்கு நாலு ஓட்டம் போதும். இரண்டு ஓட்டம் 40 முதல் 50 நிமிடம், நிதானமாக. ஒன்று கொஞ்சம் வேகம் கலந்தது: பத்து நிமிடம் மெதுவாக, இருபது நிமிடம் மூச்சு வாங்க, பத்து நிமிடம் மறுபடி மெதுவாக. இதற்கு ராமநாதபுரத்தில் சீதக்காதி சேதுபதி விளையாட்டரங்கம் இருக்கிறது. ஆபீஸ் முடிந்து பஸ் ஏறுவதற்கு முன்னால் நாற்பது நிமிடம் அங்கே முடித்துவிடலாம். நாலாவது, நீண்ட ஓட்டம். ஜூலையில் பத்தில் ஆரம்பித்து, வாரத்துக்கு ஒன்று இரண்டு கிலோமீட்டராக ஏற்றி, நாலு வாரத்துக்கு ஒருமுறை இறக்கி, டிசம்பர் முதல் வாரத்தில் முப்பதைத் தொட்டால் சரி. அதற்கு மேல் வேண்டாம். நீங்கள் ஓடப்போகிற வேகத்தில் முப்பதே மூன்றரை மணி நேரம் ஆகிவிடும், அதைத் தாண்டினால் பலனைவிடக் களைப்புதான் அதிகம். மூன்று மணி நேரம் சேர்ந்தாற்போலக் கிடைக்காத வாரத்தில் இரண்டாகப் பிரித்துக்கொள்ளுங்கள்: சாயங்காலம் 12, மறுநாள் காலை 15. களைத்த காலோடு ஓடுகிற அந்த இரண்டாவது ஓட்டம் நிறையக் கற்றுக்கொடுக்கும். எல்லாம் சேர்த்தால் வாரத்துக்கு மூன்று மணி நேரத்திலிருந்து ஆறு மணி நேரம். காலண்டரில் அது எட்டு மணியாக ஏறும், மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

நிதானமாக என்று சொன்னேனே, அதைத்தான் யாரும் கேட்பதில்லை. நிதானம் என்றால் பக்கத்தில் ஓடுகிறவரிடம் நேற்றைய குழம்பைப் பற்றி முழு வாக்கியமாகப் பேச முடிகிற வேகம். பேச்சு துண்டு துண்டாக வந்தால் வேகம் அதிகம். வேலைக்குப் போகிறவர்கள் எல்லோரும் செய்கிற தவறு இது: கிடைப்பதே முக்கால் மணி நேரம், அதை வீணாக்கக் கூடாதென்று ஒவ்வொரு நாளும் முக்கிமுக்கி ஓடுவார்கள். ஆறாவது வாரத்தில் முழங்காலுக்குக் கீழே முன் எலும்பு வலிக்க ஆரம்பிக்கும். இதயமும் நுரையீரலும் சில வாரத்தில் பழகிவிடும், எலும்புக்கும் தசைநாருக்கும் மாதக்கணக்கில் ஆகும். எனக்கும் முதல் வருடம் அந்த எலும்பு வலி வந்தது. வலியோடு ஓடித் தொலைத்தேன், ஏழு வாரம் படியேறவே கைப்பிடி தேவைப்பட்டது. கிலோமீட்டருக்கு ஏழு நிமிடம் என்ற வேகத்தில் ஓடினாலே முழு மராத்தான் 4 மணி 55 நிமிடத்தில் முடிந்துவிடும். முதல் தடவைக்கு இதைவிட என்ன வேண்டும்?

வேலை பார்த்துக்கொண்டே ஓடியவர்களில் எனக்குப் பிடித்தவர் ஜப்பானின் யுகி கவாவுச்சி. சைத்தாமா மாகாணத்தில் ஒரு பள்ளிக்கூட அலுவலகத்தில் 2019 வரை முழுநேர அரசு ஊழியர். அப்போது ஸ்பான்சர் கிடையாது, பயிற்சியாளர் கிடையாது. மற்றவர்கள் ஒரு நாளைக்கு இரண்டு தடவை பயிற்சி எடுத்தபோது இவர் வேலை காரணமாகப் பெரும்பாலும் ஒரு தடவைதான். 2018-இல் பாஸ்டன் மராத்தானில் கொட்டுகிற மழை, எலும்பைக் குத்துகிற குளிர், எதிர்க்காற்று. பெரிய பெரிய ஆட்கள் எல்லாம் பாதியில் கழன்றுகொள்ள, இவர் 2 மணி 15 நிமிடம் 58 நொடியில் முதலாவதாக வந்தார். இந்தக் கதையை வீட்டில் பெருமையாகச் சொன்னேன். "அவருக்குக் கல்யாணம் ஆயிருச்சா?" என்று கேள்வி வந்தது. தேடிப் பார்த்தேன். அப்போது ஆகியிருக்கவில்லை.

இனி நம் ஊர் சங்கதி. வெளியூர் அட்டவணையில் இல்லாத இரண்டு எதிரிகள் நமக்கு உண்டு, ஒன்று புழுக்கம், இன்னொன்று காற்று.

புழுக்கத்தைப் பற்றி ஒன்று புரிந்துகொள்ள வேண்டும். உடம்பு குளிர்வது வியர்ப்பதால் இல்லை, வியர்வை காய்வதால். மதுரையில் 38 டிகிரி அடித்தாலும் காற்று வறண்டிருந்தால் வியர்வை காயும். நம் கரையில் காலை ஐந்து மணிக்கு 27 டிகிரிதான் இருக்கும், ஆனால் காற்றில் ஏற்கெனவே ஈரம் நிறைந்து கிடக்கும். வியர்வை சொட்டிக் கீழே விழுமே தவிர காயாது. உள்ளே சூடு ஏறிக்கொண்டே போகும். அதனால் வைகாசி, ஆனியில் உங்கள் வேகம் கிலோமீட்டருக்கு அரை நிமிடம், முக்கால் நிமிடம் குறைந்தால் சோர்ந்துபோகாதீர்கள். வாட்சைப் பார்க்காமல் மூச்சைப் பார்த்து ஓடுங்கள். பத்துப் பதினைந்து நாள் தொடர்ந்து ஓடினால் உடம்பு ஓரளவு பழகும். இரத்தத்தில் நீர்ப்பகுதி கூடும், வியர்வை சீக்கிரம் வர ஆரம்பிக்கும், அதில் உப்பும் குறையும். இந்தப் புழுக்கத்தில் ஆறு மாதம் ஓடியவன் மார்கழிச் சென்னையில் இறங்கினால் யாரோ பின்னாலிருந்து தள்ளிவிடுகிற மாதிரி இருக்கும்.

மீன்பிடித் தடைக்காலம், ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள், எனக்கு வேலை பாதியாகக் குறையும். வருடத்தில் நேரம் நிறையக் கிடைப்பது அப்போதுதான், வெயில் உச்சியில் நிற்பதும் அப்போதுதான். ஒரு வருடம் ஆசைப்பட்டு மே மாதத்தில் ஏழு மணிக்குமேல் கிளம்பி 24 கிலோமீட்டர் போனேன். தாகத்துக்குப் பயந்து கடைக்குக் கடை தண்ணீர் வாங்கிக் குடித்துக்கொண்டே ஓடினேன். முடிக்கும்போது தலை பாரம், குமட்டல், விரல் வீங்கி மோதிரம் கழலவில்லை. வெயில் தாக்கிவிட்டது என்று நினைத்து இன்னும் இரண்டு பாட்டில் குடித்தேன். நான் செய்ததில் அதுதான் படுமுட்டாள்தனம். வியர்வையில் உப்பு போய்விட்டது, நான் வெறும் தண்ணீரை ஊற்றி மிச்ச உப்பையும் நீர்த்துப்போகச் செய்திருக்கிறேன். 2002 பாஸ்டன் மராத்தானில் ஓடிய 488 பேரின் இரத்தத்தைச் சோதித்ததில் 13 சதவீதம் பேருக்கு சோடியம் குறைந்திருந்தது. ஓட்டத்துக்கு முன்னால் இருந்ததைவிட எடை கூடி முடித்தவர்களுக்கும், நாலு மணி நேரத்துக்குமேல் ஓடியவர்களுக்கும்தான் அது அதிகம். அதாவது நம்மைப் போன்ற மெதுவான ஆட்களுக்கு.

ஆகவே உங்கள் வியர்வைக் கணக்கை நீங்களே எடுத்துவிடுங்கள். ஓடும் முன் துணி இல்லாமல் எடை பாருங்கள், ஒரு மணி நேரம் எதுவும் குடிக்காமல் ஓடிவந்து, துடைத்துவிட்டு மறுபடி பாருங்கள். ஒரு கிலோ குறைந்தால் ஒரு லிட்டர் போயிருக்கிறது. குடிப்பது அதற்கு மேல் போகக் கூடாது, தாகத்தை ஒட்டிக் குடித்தால் போதும். ஒன்றரை மணி நேரத்துக்கு மேற்பட்ட ஓட்டத்தில் ஒரு லிட்டர் தண்ணீருக்கு ஆறு டீஸ்பூன் சர்க்கரை, அரை டீஸ்பூன் உப்பு, தலை தட்டிப் போட்டுக் கலந்து எடுத்துப்போங்கள். வயிற்றுப்போக்குக்குக் கொடுக்கிற அதே கரைசல்தான். வீட்டில் நர்ஸ் இருக்கிறார், அவரே கலந்து கொடுப்பார், அல்லது நீங்களே கலந்துகொள்ளச் சொல்லுவார்.

காற்று விஷயத்தில் நம் கரைக்காரர்களுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. ஆனி, ஆடியில் கச்சான் காற்று எப்படி அடிக்கும் என்று தெரியும். பழைய பாம்பன் ரயில் பாலத்தில் காற்று மணிக்கு 58 கிலோமீட்டரைத் தாண்டினால் ரயிலையே நிறுத்திவைத்தார்கள். பொதுவாகச் சொல்கிற யோசனை, போகும்போது எதிர்க்காற்றில் போய், களைத்துத் திரும்பும்போது காற்றோடு வா என்பது. நானும் அப்படித்தான் போவேன், ஆனால் வெயில் ஏறுவதற்குள் திரும்பிவிட வேண்டும். காற்று முதுகில் அடிக்கும்போது நாமும் அதே வேகத்தில் ஓடுவதால் மேலில் காற்றே படாது. வெந்நீர் அண்டாவுக்குள் ஓடுகிற மாதிரி இருக்கும். ஏழு மணிக்குமேல் ஆகும் என்று தெரிந்தால் நான் வரிசையை மாற்றி, முதலில் காற்றோடு போய், கடைசியில் கச்சானை நெஞ்சில் வாங்கிக்கொண்டு வருவேன். கால் கனக்கும், தலை கிறுகிறுக்காது.

கடற்கரை மணலில் ஓடினால் கால் பலமாகும் என்று பலர் சொல்வார்கள். அளந்து பார்த்திருக்கிறார்கள், மணலில் ஓட கெட்டித் தரையைவிடச் சுமார் 1.6 மடங்கு சக்தி செலவாகிறது. வாரத்துக்கு ஒரு தடவை பதினைந்து நிமிடம், வெறுங்காலோடு, சரி. நீண்ட ஓட்டத்துக்கு வேண்டாம். ஈர மணல் கெட்டியாக இருக்கும், ஆனால் கடலைப் பார்த்துச் சரிந்திருக்கும். ஒரே பக்கமாக நாலைந்து கிலோமீட்டர் ஓடினால் ஒரு கால் மேட்டிலும் ஒரு கால் பள்ளத்திலும் போய், மறுநாள் இடுப்புப் பக்கவாட்டில் பிடித்துக்கொள்ளும்.

நம் மாவட்டம் தட்டை. மேடு என்று ஓடிப் பழக ஒன்றுமே கிடையாது, ஒன்றைத் தவிர. 1988-இல் திறந்த பாம்பன் சாலைப் பாலம், இரண்டு கிலோமீட்டருக்கு மேல் நீளம், கீழே படகு போவதற்காக நடுவில் உயர்ந்திருக்கும். எனக்கு மலை அதுதான். விடிவதற்கு முன்னால் மண்டபம் பக்கமிருந்து ஏறி, உச்சிவரை போய், நடந்து இறங்கி, மறுபடி ஏறுவேன், ஆறு தடவை. ஏழு மணிக்குமேல் போனால் செல்ஃபி எடுக்கிறவர்கள் நடுவில் ஓட முடியாது. ஒருநாள் ஒரு வேன் நின்று, "யாரும் துரத்துறாங்களா அண்ணே?" என்று கேட்டுவிட்டுப் போனார்கள்.

தனுஷ்கோடிச் சாலைக்கும் ஆசை வரும். முகுந்தராயர் சத்திரத்திலிருந்து அரிச்சல்முனை வரை ஒன்பதரை கிலோமீட்டர், 2017-இல் போட்ட ரோடு, இரண்டு பக்கமும் கடல். போய்த் திரும்பினால் 19. அழகில் குறை சொல்ல முடியாது. ஆனால் ஒரு மரத்து நிழல் கிடையாது, திருப்பமும் கிடையாது, போய்ச் சேர வேண்டிய இடம் கண்ணுக்குத் தெரிந்துகொண்டே இருக்கும், வந்தே சேராது. இருட்டோடு உள்ளே விடவும் மாட்டார்கள். மார்கழி, தை மாதத்தில் ஒரு தடவை குடும்பத்தோடு போங்கள். நீங்கள் ஓடுங்கள், அவர்கள் வண்டியில் வந்து முனையில் விளையாடட்டும். வீட்டுக்காரர்களோடு போகிற பயணத்தில் ஓட்டத்தைச் செருகிவிடுவது நல்ல தந்திரம். ராமேஸ்வரத்தில் கல்யாணம் என்றால் நான் இரண்டு மணி நேரம் முன்னதாக ஓடக் கிளம்பி, வழியில் அவர்கள் வருகிற பஸ்ஸில் ஏறிக்கொள்வேன். பக்கத்தில் உட்கார்கிறவர்களிடம் மட்டும் மன்னிப்புக் கேட்டுக்கொள்ள வேண்டும்.

நாய்கள். ஊர் முகப்பிலும் மீன் மார்க்கெட் பக்கமும் கூட்டமாக நிற்கும். ஓடினால் துரத்தும், நின்று நடந்தால் பெரும்பாலும் குரைப்போடு விட்டுவிடும். அந்த நூறு மீட்டரை நடந்து கடப்பதால் மராத்தான் ஒன்றும் கெட்டுப்போகாது. கிழக்குக் கடற்கரைச் சாலையில் இருட்டில் ஓடினால் வண்டிக்கு எதிராக, வலது ஓரத்தில், வெளிச்சம் பட்டால் மின்னுகிற பட்டை போட்டுக்கொண்டு ஓடுங்கள். மண் பாதையில் இறங்கினால் சீமைக்கருவேல முள் ஷூவின் அடியைத் துளைத்துக்கொண்டு வரும், சொல்லிவைத்தேன்.

சாப்பாட்டுக்காகப் பவுடர் டப்பா எதுவும் வாங்க வேண்டாம். ஒரு கிலோமீட்டருக்கு உடல் எடையில் கிலோவுக்கு ஒரு கலோரி என்பது தோராயக் கணக்கு. 65 கிலோ ஆளுக்கு மராத்தானுக்குச் சுமார் 2,700 கலோரி. உடம்பு மாவுச்சத்தாகச் சேர்த்து வைத்திருப்பது ஏறக்குறைய 2,000. முப்பதாவது கிலோமீட்டருக்குமேல் பலர் மடங்கி உட்கார்வது இதனால்தான். மணிக்கு 30 முதல் 60 கிராம் சர்க்கரை உள்ளே போக வேண்டும். நம் கடையில் கிடைக்கிற சாதாரணப் பேரீச்சையில் ஒன்றுக்கு ஐந்தாறு கிராம் இருக்கும். கொட்டையை எடுத்துவிட்டு, ஒரு கல் உப்பு வைத்து, ஆறேழு எடுத்துப்போவேன். கருப்பட்டித் துண்டும் சரிவரும், சட்டைப் பையில் உருகும் என்பதுதான் தொல்லை. எதையும் பயிற்சியில் நாலைந்து தடவை தின்று பார்த்துவிட்டுத்தான் போட்டியில் தின்ன வேண்டும். மற்றபடி சூடையும் சாளையும் வீட்டில் இருக்கிற வரைக்கும் புரதத்துக்குக் கவலை இல்லை. நீண்ட ஓட்டத்துக்கு முந்தைய ராத்திரி மட்டும் காரத்தைக் குறைத்துக்கொள்ளுங்கள். நம் முண்டு மிளகாய் வாசலைத் தாண்டி இரண்டு கிலோமீட்டரில் தன் வேலையைக் காட்டும், சுற்றிலும் பொட்டல் காடாக இருக்கும்.

கால் பலப் பயிற்சி வாரத்துக்கு இரண்டு தடவை, கால் மணி நேரம். ஒற்றைக் காலில் நின்று குதிகாலைத் தூக்கி இறக்குவது, உட்கார்ந்து எழுவது, பலகை மாதிரி முழங்கையில் நிற்பது. மூன்று வயதுப் பிள்ளை முதுகில் ஏறிக்கொள்ளும். ஏறட்டும், தனியாக எடை வாங்க வேண்டாம்.

தூக்கம் ஆறு மணி நேரத்துக்குக் கீழே போனால் அன்றைக்கு ஓட்டம் இல்லை. இதில் நான் சமரசமே செய்வதில்லை. பிள்ளைக்குக் காய்ச்சல், ஆபீஸில் மாதக் கடைசி, கோயில் கொடை என்று வாரம் கெட்டுப்போகத்தான் செய்யும். எங்களுக்கு மீனவர்கள் கைது, வேலைநிறுத்தம் என்றால் மாதமே புரண்டுவிடும். ஒரு வாரம் ஓடாவிட்டால் ஒன்றும் குறையாது, இரண்டு வாரத்தைத் தாண்டினால்தான் மெல்லத் தெரியும். விட்டதைப் பிடிக்கிறேன் என்று மறுவாரம் இரண்டு பங்கு ஓடாதீர்கள். விட்டது விட்டதுதான். அட்டவணையில் அன்றைய ஓட்டம் எதுவோ அதை ஓடுங்கள். நெஞ்சு இறுக்கம், ஓடும்போது கண் இருட்டுவது என்றால் மட்டும் உடனே நின்று டாக்டரைப் பாருங்கள். ஆரம்பிக்கும் முன்பே பிரஷர், சுகர், ஈசிஜி மூன்றும் எடுத்துவிடுவது நல்லது.

இன்னொன்று, கேட்காமலே சொல்கிறேன். உங்கள் மனைவிக்கும் ஓட ஆசை இருக்கிறதா என்று கேட்டீர்களா? நம் ஊர்ப் பக்கம் ஒரு பெண் தனியாக விடிகாலையில் ரோட்டில் ஓடுவது இன்னும் லேசான காரியமாக இல்லை. பார்வையும் பேச்சும் வரும். என் பெரியவள் கல்லூரிக்குப் போகிறவள், விளையாட்டரங்கில்தான் ஓடுகிறாள், நான் வெளிச்சுற்றில் ஓடுகிறேன். வாரம் ஒருநாள் நீங்கள் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ள அவர் ஓடட்டும். காலண்டர் கணக்கு பாதி அங்கேயே தீர்ந்துவிடும்.

கடைசியாகப் போட்டிக்கு முந்தைய மூன்று வாரம். முப்பது கிலோமீட்டர் முடிந்த பிறகு நீண்ட ஓட்டம் 22, 14, 8 என்று இறங்க வேண்டும். கால் துறுதுறுக்கும், பயிற்சி போதவில்லையோ என்று மனம் குடையும். அந்த நேரத்தில் வீட்டில் பரணைச் சுத்தம் செய்யலாம், ஆறு மாதத்துப் பாக்கி இருக்கும். புது ஷூ வாங்காதீர்கள். என் முதல் மராத்தானில் 33-ஆவது கிலோமீட்டரில் தண்ணீர் மேசை காலியாகக் கிடந்தது, ஏற்பாட்டாளர்கள் யார் என்று சொல்லப்போவதில்லை. அதிலிருந்து இடுப்பில் ஒரு சின்னப் பாட்டில் எப்போதும் என்னுடையது.

சென்னைக்கு ரயில் முன்பதிவு இப்போது 60 நாள் முன்னால்தான் திறக்கிறது. நவம்பர் முதல் வாரத்தில் நாளைக் குறித்துவைத்துக்கொண்டு காலையிலேயே உட்கார்ந்துவிடுங்கள், ராமேஸ்வரம் வண்டியில் புதுவருடக் கூட்டம் பொல்லாதது. நாலு பேருக்கும் சேர்த்துப் போடுங்கள். போகும்போது எந்த பெர்த் கிடைத்தாலும் பரவாயில்லை. திரும்பி வரும்போது மட்டும் உங்களுக்கு லோயர் பெர்த். நான் முதல் தடவை அப்பர் பெர்த் போட்டு, தாம்பரம் தாண்டும் வரை ஏணியில் ஒரு காலை வைத்தபடியே நின்றுகொண்டிருந்தேன்.